கொலைக்கதையில் ரைட்டரைக் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் ஒலிப்புத்தகங்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கேட்கிறவர்கள் எல்லாம் சென்னையில் மெட்ரோ ரயிலில் வேலைக்குப் போகிற பிள்ளைகள்தான் என்பதுபோல் எழுதியிருந்தது. இந்தக் கடிதத்தை நான் எழுதுவது பாபநாசம் பக்கத்தில் ஒரு நெல் கொள்முதல் நிலையத்து வாசலில். குறுவை நெல்லைக் கொட்டிவிட்டு இது மூன்றாவது ராத்திரிக் காவல். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள், பகலெல்லாம் காலால் கிளறிக் காயவைக்கிறோம், சாயங்காலம் ஒரு தூறல் போட்டால் படுதாவை இழுத்து மூடுகிறோம், மறுநாள் திரும்பவும் முதலிலிருந்து. இந்த ராத்திரிகளுக்கு மகள் போனில் ஏற்றிக் கொடுத்த போலீஸ் தொடர்தான் துணை. ஆறு பாகம், கும்பகோணத்தில் நடக்கிற கதை. முதலில் காதில் மாட்டிக்கொண்டுதான் கேட்டேன், பக்கத்துக் குவியல்காரர் "என்ன சார், தனியா சிரிக்கிறீங்க" என்று கேட்ட பிறகு ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன். இப்போது ஏழெட்டுப் பேர் கேட்கிறோம், கொசு தனி.

நான் 2019இல் ஓய்வு பெற்ற போலீஸ்காரன். லத்தியோடு நின்ற வருஷங்களைவிடப் பேனாவோடு உட்கார்ந்த வருஷங்கள் அதிகம், ஏனென்றால் ஸ்டேஷனில் நான் ரைட்டர். வாதி அழுதுகொண்டே சொல்வதைக் கேட்டுக் கேட்டு எழுதுவது, அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே நேரத்தில் பேசுவதைப் பிரித்து எழுதுவது, எல்லாம் காது வேலை. காதுக்கென்றே செய்த கதையில் அந்த வேலையைக் கொஞ்சமாவது கொண்டுவருவார்கள் என்று நினைத்தேன். ஆறு பாகத்தில் ஐந்தைக் கேட்டு முடித்தாயிற்று, இன்ஸ்பெக்டர் இருக்கிறார், ஜீப் இருக்கிறது, மழையில் துரத்தல் இருக்கிறது, ரைட்டரை மட்டும் காணோம். யாரும் எதையும் எழுதுவதே இல்லை. ஐந்து கொலைக்கு ஒரு எஃப்.ஐ.ஆர். கூடக் கண்ணில் படவில்லை.

ஒவ்வொரு பாகத்தின் கடைசியிலும் இன்ஸ்பெக்டர் ஓர் அறை விடுகிறார், குற்றவாளி எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறான், பின்னணியில் இசை, கதை முடிந்தது. நெஜத்தில் அந்த இடத்தில்தான் எங்களுக்குத் தலைவலி ஆரம்பிக்கும். போலீஸிடம் சொன்ன ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது, 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தில் 25ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் வந்த புதுச் சாட்சியச் சட்டத்திலும் 23ஆவது பிரிவாக அது அப்படியே இருக்கிறது. அவன் சொன்ன இடத்துக்குக் கூட்டிப்போய் அரிவாளை எடுத்தால் அந்த அளவுக்கு மட்டும் செல்லும். அதற்கும் மகசர், அதாவது எதை எங்கே யார் முன்னால் எடுத்தோம் என்கிற காகிதம், எழுத வேண்டும், வி.ஏ.ஓ.வையும் தலையாரியையும் தேடிப்பிடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். இந்தத் தொடரிலோ சாட்சியிடம் விசாரித்து எழுதிய வாக்குமூலத்தில் சாட்சியையே கையெழுத்துப் போடச் சொல்கிறார் இன்ஸ்பெக்டர், போடக் கூடாது என்பதுதான் சட்டம். புதுத் தண்டனைச் சட்டப்படி கொலைக்குப் பிரிவு 103, இவர்கள் இன்னும் பழைய 302 என்கிறார்கள், அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன், டீக்கடையிலும் 302தான். ஆனால் வேறொரு தொடரில் கம்ப்யூட்டர் குரல் அதை "மூன்று பூஜ்யம் இரண்டு" என்று வாசித்தது. முந்நூத்திரெண்டு என்று சொல்ல ஓர் ஆள் கிடைக்கவில்லையா?

இதெல்லாம் எழுதினால் கதை போரடிக்கும் என்பார்கள். சரி, ஒன்று சொல்கிறேன். தொண்ணூறுகளில் ஓர் ஐப்பசி, ராத்திரி ஒன்பது மணி வாக்கில் வரப்புத் தகராறில் ஒரு வெட்டு, ஆள் அங்கேயே போய்விட்டார். பதினோரு மணிக்குப் புகார் வந்து எஃப்.ஐ.ஆர். போட்டோம். கொலை வழக்கென்றால் அதை உடனே மாஜிஸ்ட்ரேட்டிடம் சேர்க்க வேண்டும், நடுராத்திரியானாலும் வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுக்க வேண்டும், எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆர். என்போம். பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஒரு கான்ஸ்டபிள் டி.வி.எஸ். ஐம்பதில் கிளம்பினார். பதினாலு கிலோமீட்டர்தான். மாஜிஸ்ட்ரேட் கையெழுத்தோடு நேரம் போட்டது விடிகாலை நாலரை.

மூணு வருஷம் கழித்து விசாரணை. எதிர்த்தரப்பு வக்கீல் அரிவாளைத் தொடவே இல்லை, காயத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை, முழுக்க முழுக்க அந்த ஐந்தரை மணி நேரத்தைத்தான் பிடித்துக்கொண்டார். பதினாலு கிலோமீட்டருக்கு எதற்கு அவ்வளவு நேரம், உட்கார்ந்து பேசி வேண்டாதவன் பேரையெல்லாம் சேர்த்தீர்களா, முன் நேரம் போட்டு எழுதினீர்களா என்று. எனக்குக் கை நடுங்கியது. அன்றைக்கு வாய்க்கால் உடைத்துக்கொண்டு ரோட்டில் இடுப்பளவு தண்ணீர், கான்ஸ்டபிள் வண்டியைத் திருப்பி ஊரைச் சுற்றிக்கொண்டு போனார், வழியில் ஒரு அவுட்போஸ்டிலிருந்து போன் போட்டுச் சொன்னார், நான் அதை ஜி.டி.யில், அதாவது ஸ்டேஷன் தினசரிக் குறிப்பேட்டில், நேரத்தோடு ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். தூக்கக் கலக்கத்தில், பழக்கத்தில் எழுதியது. வழக்கு உடையாமல் நின்றது அந்த வரியில்தான். இதைக் குவியல் மேல் உட்கார்ந்து சொன்னபோது ஒருத்தரும் அடுத்த பாகத்தைப் போடச் சொல்லவில்லை.

இன்னொன்று, 90 நாள் கணக்கு. கொலை வழக்கில் அதற்குள் குற்றப்பத்திரிகை போகாவிட்டால் உள்ளே இருப்பவன் ஜாமீன் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். 89ஆம் நாள் ராத்திரி, தடயவியல் அறிக்கை வரவில்லை, ஜெராக்ஸ் கடையை மூடிவிட்டான். எந்தத் துரத்தல் காட்சிக்குக் குறைந்தது அது?

வாசிக்கிற தம்பிக்கும் ஒரு வார்த்தை. நல்ல குரல், தமிழ் சுத்தம். ஆனால் கொலைகாரன் பேசும்போது மட்டும் தொண்டையை இறக்கிவிடுகிறார். எழுதியவர் கஷ்டப்பட்டு ஒளித்து வைத்தவனை இரண்டாவது அத்தியாயத்திலேயே நாங்கள் பிடித்துவிடுகிறோம், புத்தகமாகப் படித்தால் இந்தத் தொல்லை கிடையாது. நான் கேட்ட பொய்யெல்லாம் ரொம்பச் சாதாரணக் குரலில் வந்தவை. குரலைவிட நேரத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்து ஆள் "கடைசி பஸ் போய்க் கொஞ்ச நேரம் ஆச்சு" என்பான், "ஒன்பது பதினேழுக்கு" என்று ஒருத்தன் ஆரம்பித்தால் யாரோ சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று பேனாவைக் கீழே வைத்துவிடுவேன்.

அப்புறம் ஆற்றுச் சமாச்சாரம். மூன்றாம் பாகத்தில் சித்திரை மாசத்தில் காவிரியின் கிளையான குடமுருட்டியில் பிணத்தைத் தூக்கிப் போடுகிறான், வெள்ளம் இழுத்துக்கொண்டு போகிறது. குவியல்காரர்கள் அத்தனை பேரும் சிரித்துவிட்டோம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள், அந்த வருஷத்து மழையைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும். சித்திரையில் குடமுருட்டியில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள், பிணத்தைப் போட்டால் போட்ட இடத்திலேயே கிடக்கும். தண்ணீர் ஓடுகிற நாளில், அதுவும் கொள்ளிடத்தில் போட்டிருந்தால் அருமையான கதை கிடைத்திருக்கும், தெற்குக் கரை தஞ்சாவூர் மாவட்டம், வடக்குக் கரை அரியலூர், நடு மணல் திட்டில் ஒதுங்கினால் யார் எல்லை என்று இரண்டு ஸ்டேஷனும் பேசிக்கொண்டே இருக்கும். அந்தப் பேச்சை அப்படியே எழுதினாலே ஒரு அத்தியாயம் ஓடும்.

இப்படித் தொடர் எழுதுகிற யாராவது உங்கள் பத்திரிகையைப் படித்தால், ஓய்வு பெற்ற ஒரு ரைட்டரோடு ஒரு நாள் உட்காரச் சொல்லுங்கள். ஊருக்கு ஒருத்தர் இருப்பார், பேச ஆள் கிடைக்காமல்தான் இருப்பார். எனக்கு ஆறாம் பாகம் பாக்கி இருக்கிறது. சாக்கு வரவில்லை என்று நாளைக்கும் எடை போட மாட்டார்களாம், அதனால் கேட்டு முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஸ்டேஷன் ரைட்டர்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்