ஸீ சார் மேசையில் ஆறு ஃபிரைட் ரைஸ்

ஆசிரியருக்கு வணக்கம்.

வார இறுதி மாலைகளில் நம் சிங்கப்பூர்க் கோப்பிக்கடைகளின் வட்ட மேசைகளில் தமிழ்க் குடும்பங்கள் ஸீ சார் என்னும் சீனச் சாப்பாடு சாப்பிட உட்கார்ந்திருப்பது இன்று சாதாரணக் காட்சி. எழுந்து போகும்போது வரும் குறையும் அதே அளவுக்குச் சாதாரணமாகிவிட்டது: "முக்கால் மணி நேரம் காக்க வைத்தான், வந்ததும் சொதசொதவென்று இருந்தது, பழைய ருசி இல்லை." சில கடைகளில் அது உண்மைதான். ஆனால் பல மேசைகளில் கோளாறு அடுப்பில் இல்லை, ஆர்டர் கொடுத்த விதத்தில்தான் இருக்கிறது. ஆறு பேர் உட்கார்ந்து, ஒருவருக்கு ஃபிரைட் ரைஸ், ஒருவருக்கு மீ கோரிங் என்ற வறுத்த நூடுல்ஸ், ஒருவருக்கு ஹோர் ஃபன் என்ற பட்டை நூடுல்ஸ், பிள்ளைக்குக் காரமில்லாத ஃபிரைட் ரைஸ் என்று தலைக்கொரு தட்டு சொன்னால், அந்தக் கடைக்கு எது கைவந்த வேலையோ அதைத் தொடாமலேயே வெளியே வருகிறோம்.

ஹொக்கியன் என்ற சீன மொழியில் 'சமைத்தது, வறுத்தது' என்பதுதான் ஸீ சார் என்ற பெயரின் பொருள். மலேசியாவில் கண்டனீஸ் என்ற இன்னொரு சீன மொழி புழங்கும் ஊர்களில் இதையே 'தாய் சாவ்' என்பார்கள். ஆளுக்கொரு கிண்ணம் வெள்ளைச் சோறு, நடுவில் நான்கைந்து வகை, எல்லாரும் எடுத்துக்கொள்வது என்பதே இதன் முறை. குழம்பு, கூட்டு, பொரியல், வறுவல் என்று உட்காரும் நம் வீட்டுச் சாப்பாட்டுக்கும் இதற்கும் அமைப்பில் பெரிய வேறுபாடு இல்லை. அங்கே போய் மட்டும் நாம் ஏன் தனித்தனித் தட்டுக்கு மாறிவிடுகிறோம் என்பது எனக்கு விளங்காத விஷயம்.

அடுக்களைக்குள் நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் காத்திருப்பின் காரணம் புரியும். குடும்பமாக நடத்தும் பழைய கடைகளில் பெரும்பாலும் வாணலிக்கு ஒருவர், காய் கறி வெட்டி அளந்து தட்டில் எடுத்து வைக்க ஒருவர், மேசைகளைக் கவனிக்க ஒரு ஆன்ட்டி. பல கடைகளில் ஒரே ஒரு வாணலி. இரண்டு இருந்தால் வசதியான கடை. ஒரு வகைக்கு வாணலியில் மூன்று நிமிடம் என்று குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மேசை, மேசைக்கு ஐந்து வகை என்றால் இருபத்தைந்து வகை. ஒரு வாணலியில் அது ஒன்றேகால் மணி நேர வேலை. ஆறு பேருக்கு ஆறு விதமான நூடுல்ஸ் சொன்னால் ஆறு முறை வாணலி காய்ந்து, ஆறு முறை கழுவி, ஆறு முறை எண்ணெய் ஊற்ற வேண்டும். முதல் தட்டு வந்தவர் சாப்பிட்டு முடித்துக் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆறாவது தட்டு வரும்.

சமையல்காரர் சில வேளை என்ன செய்வார்? இரண்டு மூன்று மேசைகளின் ஃபிரைட் ரைஸைச் சேர்த்து ஒரே தடவையில் கிளறிவிடுவார். அங்கேதான் ருசி போகிறது. 'வோக் ஹெய்' என்று கண்டனீஸில் சொல்வார்களே, வாணலியின் மூச்சு, அந்த இலேசான புகைவாசம் கொதிக்கிற இரும்பில் கொஞ்சம் பொருளை வேகமாகத் தூக்கிப் போடும்போது மட்டுமே வரும். சோறு மேலே எழும்பித் தீயின் சூட்டில் புரள, அதன் மேல் ஈரம் அந்த நொடியே ஆவியாக வேண்டும், எண்ணெய் சற்றே கருக வேண்டும். வாணலி நிறைய அள்ளிப் போட்டால் இரும்பின் சூடு சட்டென்று இறங்கிவிடும். ஈரம் வெளியேற வழியில்லாமல் சோறு வறுபடுவதற்குப் பதில் வேகத் தொடங்கும். சொதசொதப்புக்குக் காரணம் இதுதான். ஆறு பேருக்கு ஒரே பெரிய தட்டு கேட்பதைவிட, வேறு வேறு வகையாக இரண்டு நடுத்தரத் தட்டு கேட்பது நல்லது. ஃபிரைட் ரைஸுக்கு ஆறிய பழஞ்சோறுதான் சரி. பருக்கை இறுகி ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும். கூட்டம் மிகுந்த நாளில் ஆற வைத்த சோறு தீர்ந்து புதுச்சோற்றில் கிளறினால் கட்டி கட்டியாகத்தான் வரும். எட்டரை மணிக்குப் போகிறவர்கள் வெள்ளைச் சோற்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சரி, எப்படி ஆர்டர் கொடுப்பது? வாணலி ஒன்றுதான் என்றாலும் அடுக்களையில் அது மட்டுமே அடுப்பு அல்ல. ஆவியில் வேகவைக்கும் பெட்டி தனி, பொரிக்கும் எண்ணெய்ச் சட்டி பெரும்பாலும் தனி, மண்சட்டிக்குத் தனி அடுப்பு. ஒவ்வோர் அடுப்புக்கும் ஒரு வகை என்று பிரித்துக் கொடுத்தால் எல்லாமே ஏறக்குறைய ஒன்றாக வந்து சேரும். ஆவியில் வெந்த மீன் ஒன்று, பொரித்தது ஒன்று (இறால் விழுதில் ஊறிய கோழி பல கடைகளில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்), மண்சட்டியிலோ சூட்டுத் தட்டிலோ ஒரு டோஃபு (சோயாக் கட்டி), வாணலியில் ஒரு கீரை, ஒரு கறி அல்லது இறால். ஐந்தாறு பேருக்கு இது தாராளம். மெனுவில் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று விலை இருக்கும். சிறியது இரண்டு மூன்று பேருக்கு, நடுத்தரம் நான்கைந்து பேருக்கு என்று வைத்துக்கொண்டால் அதிகம் தவறாது. வகை கூடினால் அளவைக் குறையுங்கள். ஐந்து வகையையும் பெரியதாகச் சொல்லிவிட்டுப் பாதியைப் பொட்டலம் கட்டுவது நம்மவர்களிடம் அடிக்கடி பார்க்கிற தவறு.

இந்த வகைகள் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பதும் முக்கியம். இனிப்புப் புளிப்புச் சாறு, உப்பு முட்டைச் சாறு, காப்பித் தூள் பூசிய எலும்புக் கறி, தானியத் துகளில் புரட்டிய சீரியல் இறால் எல்லாவற்றையும் ஒரே மேசையில் வரவழைத்தால் மூன்றாவது வாயிலேயே திகட்டிவிடும், ஏனென்றால் நான்குமே எண்ணெயில் பொரித்தவை, நான்கிலும் சர்க்கரையோ வெண்ணெயோ இருக்கும். கனமானது இரண்டு போதும். மற்றவை தெளிந்த சாறாகவோ கீரையாகவோ இருக்கட்டும். சீரியல் இறாலிலும் உப்பு முட்டை வகைகளிலும் மணப்பதென்ன என்று கவனித்திருக்கிறீர்களா? நம் கறிவேப்பிலை. வெண்ணெயில் கறிவேப்பிலையும் ஊசி மிளகாயும் பொரிந்து எழும் அந்த வாசம் சீனாவிலிருந்து வந்ததல்ல. மீன்தலைக் கறியும் அப்படித்தான்: 1949 வாக்கில் கேரளத்தைச் சேர்ந்த கோமஸ் என்பவர் சீன வாடிக்கையாளர்கள் மீன்தலையை விரும்புவதைப் பார்த்து இங்கே அதைக் கறியாக்கினார் என்பார்கள். இன்று சீனக் கடைகள் அதில் கூடுதலாகப் புளி சேர்த்து, மண்சட்டியில் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவருகின்றன. மிளகாய் நண்டு 1956-இல் செர் யாம் தியான் என்ற அம்மையார் தம் கணவருக்காகச் செய்து பார்த்துத் தள்ளுவண்டியில் விற்கத் தொடங்கியது. முட்டை கலக்கிக் கெட்டியாக்கும் முறை அதற்குப் பின் வந்தது.

மீனில் தவறு நடப்பது இரண்டு இடத்தில். முக்கால் கிலோ மீன் கொதிக்கிற ஆவியில் எட்டிலிருந்து பத்து நிமிடத்தில் வெந்துவிடும். அதற்கு மேல் நின்றால் சதை வறண்டு பஞ்சாகும். முள்ளை ஒட்டிய சதை இலேசாக ஒட்டிக்கொண்டு இருப்பதைப் பார்த்து "வேகவில்லை" என்று திருப்பி அனுப்பாதீர்கள், திரும்பி வருவது பஞ்சாகிப்போன மீனாகத்தான் இருக்கும். சதை கண்ணாடி போல இருந்தால் மட்டும் சொல்லுங்கள். இன்னொன்று, எந்த முறை என்று கேட்கும்போது "எதுவானாலும்" என்று சொல்லிவிடுவது. ஹாங்காங் முறையில் சோயா சாறும் வெங்காயத் தாளும், மேலே சுடச்சுட எண்ணெயும். தியோசியு என்ற சீனச் சமூகத்தாரின் முறையில் உப்பிலிட்ட கீரை, தக்காளி, புளிப்புப் பிளம், டோஃபு. புளிப்புக்குப் பழகிய நம் நாக்குக்கு இரண்டாவது நெருக்கம்.

கறி வழுவழுவென்று மென்மையாக இருந்தால் 'ஏதோ கெமிக்கல்' என்று சிலர் முகம் சுளிப்பார்கள். துண்டுகளைச் சோளமாவும் முட்டை வெள்ளையும் பிசறி, சில கடைகளில் ஒரு சிட்டிகை ஆப்பசோடாவும் சேர்த்து, மிதமான எண்ணெயில் ஒரு முறை விட்டு எடுத்த பிறகுதான் சாற்றில் புரட்டுவார்கள். சோடா கூடிவிட்டால் கறி ரப்பர் மாதிரி துள்ளும், சோப்பு வாடையும் தட்டும். அது குறை சொல்ல வேண்டிய கறிதான். "அஜினமோட்டோ வேண்டாம்" என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கரண்டியால் போடுவதைத்தான் அவர்கள் நிறுத்த முடியும். சிப்பிச் சாறிலும் சூப்புத் தூளிலும் ஏற்கெனவே கலந்திருப்பதை எடுக்க முடியாது.

சைவம் பற்றி எழுதாமல் இந்தக் கடிதம் முடியாது. கீரைதானே என்று கங்கோங் கேட்பார்கள். சம்பல் கங்கோங் என்றால் பிளாச்சான், அதாவது இறால் விழுது. கைலான் கீரை சிப்பிச் சாறில் வரும். சூட்டுத் தட்டு டோஃபுவின் மேல் அரைத்த கறி இருக்கும். அந்த டோஃபுவே பெரும்பாலும் முட்டை சேர்த்தது. கறி வேண்டாம் என்பதற்கு 'பு யாவ் ரோ' என்று மாண்டரினில் சொன்னால் கறித் துண்டு மட்டும்தான் போகும். உலர்ந்த இறாலும் கோழிச் சாறும் இருக்கும். 'சி சூ', சைவம் சாப்பிடுகிறேன், என்று சொல்லுங்கள். உடனே 'பு யாவ் ஹாவ் யோவ்', சிப்பிச் சாறு வேண்டாம், என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'சூ' என்றால் சீனப் பௌத்த வழக்கப்படி பூண்டும் வெங்காயமும்கூட இல்லாத சைவம் என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. கீரை சப்பென்று வருவதற்கு அது ஒரு காரணம். பூண்டு வேண்டுமென்றால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். இவ்வளவும் சொன்னாலும் வாணலி ஒன்றுதான், ஒரு வகைக்கும் அடுத்த வகைக்கும் இடையில் சுடுநீர் ஊற்றி மூங்கில் துடைப்பத்தால் தேய்ப்பதோடு சரி. முன்னால் அதில் மாட்டுக்கறி ஹோர் ஃபன் கிளறியிருக்கலாம். இதில் கண்டிப்பாக இருப்பவர்கள் ஆன்ட்டியோடு வாதாடுவதை விட்டுவிட்டு, சீனச் சைவக் கடைக்கே போய்விடுவது இரு தரப்புக்கும் நிம்மதி.

முஸ்லிம் வாசகர்களுக்கும் இதே போன்ற ஒரு கண்ணி உண்டு. 'பன்றிக்கறி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை' என்ற பலகை ஹலால் சான்றிதழ் ஆகாது. சீனச் சமையலில் அரிசி மது சர்வ சாதாரணம். அந்தப் பலகை அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) தரும் ஹலால் சான்றிதழ் பெற்ற ஸீ சார் கடைகள் இங்கே இருக்கின்றன, அதைப் பார்த்துப் போவதே வழி.

பில்லில் வரும் சண்டைகளில் பாதி, உட்கார்ந்ததும் மேசையில் வைக்கும் வேர்க்கடலையாலும் ஈரத் துண்டாலும் வருபவை. அவை இலவசமல்ல. வேண்டாமென்றால் தொடாமல் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், எடுத்துவிடுவார்கள். சீனத் தேநீருக்குத் தலைக்கு இவ்வளவு என்று போடும் கடைகளும் உண்டு. குளிரூட்டிய உணவகமாக இருந்தால் விலைக்கு மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், 2024 முதல் 9 விழுக்காடாகிவிட்ட பொருள் சேவை வரியும் ஏறும். கோப்பிக்கடையில் பெரும்பாலும் பலகை விலைதான் கடைசி விலை. மீன், நண்டு, பெரிய இறாலுக்கு 'பருவ விலை' என்று எழுதியிருந்தால் 100 கிராமுக்கு எவ்வளவு, இந்த மீன் எத்தனை கிராம் என்று இரண்டு கேள்வியையும் சமைப்பதற்கு முன்பே கேளுங்கள். 2009-இல் நியூட்டன் உணவங்காடியில் எட்டு இறாலுக்கு 239 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்கிய விவகாரம் செய்தியானது நினைவிருக்கும். நிறுத்துப் பார்த்து விலை சொல்லக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது; சீன வாடிக்கையாளர்கள் தயங்காமல் கேட்கிறார்கள்.

தாப்பாவ், அதாவது பொட்டலம் கட்டி வீட்டுக்கு, வாங்குவோருக்கும் ஒன்று. ஹோர் ஃபன் இரண்டு கட்டமாகச் செய்வது: பட்டை நூடுல்ஸை முதலில் கருகக் கருகப் புரட்டி எடுத்து வைப்பார்கள், பிறகு மாவு கரைத்த சாறில் முட்டையை ஊற்றி அதன் மேல் விடுவார்கள். சேர்த்துக் கட்டினால் வீடு போய்ச் சேர்வதற்குள் நூடுல்ஸ் சாறையெல்லாம் குடித்துக் களியாகிவிடும். சாறைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். பொரித்த கோழி இருக்கும் பெட்டியின் மூடியை முழுக்க அழுத்தாதீர்கள், உள்ளே நிற்கும் ஆவி மொறுமொறுப்பைக் கொன்றுவிடும்.

கடைக்காரர்களிடம் கேட்பதற்கும் ஒன்று இருக்கிறது. மெனுவில் எதில் பன்றிக்கறி, எதில் மாட்டுக்கறி, எதில் சிப்பிச் சாறு என்று ஒரு சின்னக் குறி போட்டு, மீன் தொட்டிக்குப் பக்கத்தில் அன்றைய விலையைச் சாக்கட்டியால் எழுதி வைத்தால், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நிற்கும் ஆன்ட்டியிடம் ஒவ்வொரு மேசையும் பத்துக் கேள்வி கேட்க வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
வாசகர், தோ பாயோ