மகளிர் தினமும் 11 கோலங்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்ச் 8 அன்று தங்கள் நாளிதழோடு வந்த மகளிர் தின இணைப்பில், எந்தெந்த நாட்டில் இந்த நாளை எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று ஒரு பக்கம் இருந்தது. இத்தாலியில் மஞ்சள் பூ, ரஷ்யாவில் டியூலிப், சீனாவில் பெண்களுக்கு அரை நாள் விடுமுறை. அதற்குக் கீழே கால் பக்கத்துக்குப் பட்டுப்புடவைத் தள்ளுபடி. வேறு நாளாக இருந்தால் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மடித்து வைத்திருப்பேன். அன்று விடிகாலையில் ஏற்காடு பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்ததால் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அதன் விளைவுதான் இந்தக் கடிதம்.

நான் 31 ஆண்டுகள் பெண்கள் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். சேலத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு மார்ச் மாதம் தனி மவுசு உண்டு. கோலப்போட்டிக்கு நடுவர் வேண்டுமே! இந்த முறை கூப்பிட்டது என் பழைய மாணவி. ஏற்காட்டில் ஓர் அலுவலகத்தில் வேலை. "நீங்கதான் டீச்சர் வரணும்" என்றாள். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே கடந்தேன். சில நாட்களுக்கு முன் பெய்த மழைக்கு எஸ்டேட் ஓரமெல்லாம் காப்பி பூத்து, மல்லிகை மாதிரி வாசனை பஸ்ஸுக்குள் வந்தது.

நான் போனபோது அலுவலக வாசலில் 11 கோலங்கள் தயார். போட்டவர்கள் எல்லோரும் ஊதா நிறப் புடவையில் இருந்தார்கள். அப்படித்தான் வரவேண்டும் என்று முதல் நாளே வாட்ஸப்பில் உத்தரவாம். நான்கு மணிக்கு எழுந்து, வீட்டுச் சமையலை முடித்து, பிள்ளைகளுக்கு டிபன் கட்டி வைத்துவிட்டு வந்து குனிந்தவர்கள். அப்புறம் அடுப்பில்லாச் சமையல் போட்டி. பெண்கள் செய்தார்கள், ஆண்கள் ருசி பார்த்து மதிப்பெண் போட்டார்கள். "பெண் என்பவள் சக்தி" என்று ஆரம்பித்து அதிகாரி முக்கால் மணி நேரம் பேசினார். எனக்குப் பொன்னாடை. பெண் ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ், பதிவேட்டில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து போட்டுவிட்டு.

கையெழுத்து என்றதும் எனக்குப் போலந்து ஞாபகம் வந்துவிட்டது. கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் அங்கே மார்ச் 8 அன்று தொழிற்சாலைகளில் பெண்களுக்கு ஒரு கார்னேஷன் பூவும் ஒரு ஜோடி காலுறையும் தருவார்களாம், அதற்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டு. வார்சாவாக இருந்தால் என்ன, ஏற்காடாக இருந்தால் என்ன, ரிஜிஸ்தர் ஒன்றுதான்.

விழா முடிந்து எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே வந்தபோது அந்த அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கும் அம்மா, ஒரு பக்கெட்டும் தென்னந்துடைப்பமுமாக ரங்கோலிப் பொடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கலர்ப் பொடி சிமெண்ட் தரையில் ஒட்டிக்கொண்டு போகவே இல்லை. குழாயிலோ தண்ணீர் நூல் மாதிரி வந்தது. "நீங்க போட்டியில கலந்துக்கலையா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "அவங்களுக்குப் போடற போட்டி, எனக்குக் கழுவற போட்டி டீச்சரம்மா. வருசா வருசம் நாந்தான் ஃபர்ஸ்ட்டு" என்று சிரித்தார். அவருக்கு டிபன் பாக்ஸ் கிடையாது. ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர், அந்தப் பதிவேட்டில் பெயர் இல்லை. எனக்குச் சங்கடமாகிவிட்டது. தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து நீட்டினேன். "இத வெச்சு நான் என்னம்மா பண்றது? அந்தப் பக்கெட்டக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க" என்றார். தள்ளினேன்.

இறங்கும் பஸ்ஸில் உங்கள் இணைப்பை மறுபடி எடுத்துப் படித்தேன். பூவெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்தப் பூ எதற்காக வந்தது என்பதுதான் எங்குமே இல்லை.

1910-ல் கோபன்ஹேகனில் கூடிய சோஷலிசப் பெண்கள் மாநாட்டில் கிளாரா ஜெட்கின் என்ற ஜெர்மன் பெண்மணி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு மார்ச் 19 அன்று ஜெர்மனி, ஆஸ்திரியா, டென்மார்க், சுவிட்சர்லாந்து நாடுகளில் முதல் மகளிர் தினம். ஓட்டுரிமை வேண்டும் என்று பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். மார்ச் 8 என்ற தேதி நிலைத்தது 1917-க்குப் பிறகு. ரஷ்யாவின் பெத்ரோகிராட் நகரத்து நூல் ஆலைப் பெண்கள் அன்று வேலையைப் போட்டுவிட்டு ரொட்டி கேட்டு வீதியில் இறங்கினார்கள். ஒரே வாரத்தில் ஜார் மன்னர் முடி துறந்தார். அவர்கள் பழைய காலண்டரில் அன்றைக்கு பிப்ரவரி 23. மார்ச்சில் நடந்ததை ஏன் பிப்ரவரிப் புரட்சி என்கிறோம் என்று பிள்ளைகள் தவறாமல் கேட்பார்கள், நானும் தவறாமல் இதைச் சொல்வேன். ஆனால் அதே நான்தான் ஒவ்வொரு மார்ச்சிலும் பள்ளி மைதானத்தில் கோலப்போட்டியும் நடத்தினேன். பரிசு, குங்குமச் சிமிழ்.

இத்தாலியின் மஞ்சள் பூவுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. போர் முடிந்த மறு வருடம், 1946-ல், பாசிஸ்டுகளை எதிர்த்துப் போராடிய தெரசா மட்டேய் போன்ற பெண்கள், விலை உயர்ந்த பூ வேண்டாம், மார்ச்சில் தானாகப் பூத்து ஏழைப் பெண்ணும் ஒடித்துக்கொள்ளக் கூடியதாக இருக்கட்டும் என்று மிமோசாவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வாட்டில் என்கிறோமே, அந்த இனத்து மரம்தான். ஏற்காட்டில் மார்ச்சில் தானாகப் பூப்பது காப்பி. அதை ஒடித்தால் பழம் போச்சு, பழம் போனால் எஸ்டேட் பெண்களுக்கு அடுத்த பறிப்பில் வேலையும் போச்சு. பூ கொடுக்கும் வழக்கத்தை இங்கே கொண்டுவருவதிலும் யோசனை வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஐஸ்லாந்து. உங்கள் பக்கத்தில் அது இல்லை. 1975 அக்டோபர் 24 அன்று அந்த நாட்டுப் பெண்களில் சுமார் 90 சதவீதம் பேர் அலுவலகம் போகவில்லை, சமைக்கவில்லை, பிள்ளையையும் பார்த்துக்கொள்ளவில்லை. கடைகளும் பள்ளிகளும் மூடிக்கிடந்தன. அப்பாக்கள் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள். சட்டென்று பொரித்துத் தரக்கூடிய சாசேஜ் கடைகளில் தீர்ந்துவிட்டதாம். ஐந்தே வருடத்தில் விக்டிஸ் ஃபின்போகடோட்டிர் என்ற பெண்மணி அங்கே குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நம் சேலத்தில் பெண்கள் ஒரே ஒரு நாள் கையைக் கட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று பஸ்ஸில் யோசித்துப் பார்த்தேன். கொலுசுப் பட்டறை நிற்கும், ஜவ்வரிசி ஆலை நிற்கும், அம்மாப்பேட்டைத் தறிக்கு நூல் சுற்ற ஆள் இருக்காது. என் வீட்டுக்காரர் சமாளித்துவிடுவார். அவருக்குக் காப்பி போடத் தெரியும். மூன்று வேளையும் காப்பிதான்.

தென்னாப்பிரிக்காவில் மகளிர் தினம் ஆகஸ்ட் 9. 1956-ல் அந்த நாளில், கறுப்பினப் பெண்களும் கையில் பாஸ் வைத்துக்கொண்டுதான் நடமாட வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து, ஏறக்குறைய 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் அரசுத் தலைமையகத்துக்கு நடந்துபோய் அரை மணி நேரம் வாய் திறக்காமல் நின்றார்கள். பெண்ணை அடித்தாய், பாறையை அடித்தாய் என்பது அவர்கள் பாட்டு. பாறை என்பதற்கு அவர்கள் சொல்லும் 'இம்போகோடோ' என்ற சொல் தானியம் அரைக்கும் கல்லையும் குறிக்கும். நம் அம்மிக்குழவிதான்! நமக்கும் அந்த மண்ணில் பங்கு உண்டு. 1913-ல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளிடம் போய் வேலையை நிறுத்துங்கள் என்று கேட்டவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். காந்தி நடத்திய அந்தப் போராட்டத்தில் சிறை சென்று நோயோடு திரும்பிய தில்லையாடி வள்ளியம்மை இறந்தபோது வயது 16.

நம் ஊரில் பெண்களுக்கென்று நாளே இல்லையா என்று கேட்பீர்கள். என் மாமியார் நாகர்கோவில் பக்கம். அவர் ஔவையார் நோன்பு இருப்பார். "தப்பினால் தை, மறந்தால் மாசி, அசந்தால் ஆடி" என்று அந்த மாதச் செவ்வாய்க்கிழமைகளில் ஒன்றில், வீட்டு ஆண்கள் தூங்கிய பிறகு பெண்கள் மட்டும் கூடி, உப்பில்லாத கொழுக்கட்டை செய்து, கதை சொல்லிச் சாப்பிடுவார்கள். ஆண் குழந்தை கூடப் பார்க்கக் கூடாது. அதில் என்ன செய்வீர்கள் என்று என் வீட்டுக்காரர் ஐம்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். சிறப்பு விருந்தினர் இல்லாத, யாரும் போட்டோ எடுக்காத நாள் அது. நோன்பின் நம்பிக்கையில் எனக்குப் பாதிதான் ஒப்புதல், ஆனால் அந்த இரவின் சிரிப்பை நான் எந்த மகளிர் தின மேடையிலும் கேட்டதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு வேலைக்குப் போகாதீர்கள் என்று மேடையில் நான் சொல்லிவிடலாம், எனக்குப் பென்ஷன் வருகிறது. நாள் கூலிக்குப் போகும் எஸ்டேட் பெண்ணுக்குப் போகாவிட்டால் கூலி இல்லை. ஆகவே நான் கேட்பது, நீங்கள் சீனாவைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுப் போன அந்த அரை நாள். மார்ச் 8 மதியத்துக்கு மேல், சம்பளத்தோடு. முதலில் பதிவேட்டில் பெயர் இல்லாதவர்களுக்கு: கூட்டுபவர்கள், துப்புரவுப் பணியாளர்கள், தோட்டத்தில் களை எடுப்பவர்கள். தங்கள் நாளிதழ் இதை எழுதினால் மாவட்ட நிர்வாகத்தின் காதில் விழும். அடுத்த வருட இணைப்பில் வெளிநாட்டுப் பூக்களுக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியை இந்தப் பெண்கள் மார்ச் 8 அன்று காலை முதல் இரவு வரை என்ன செய்தார்கள் என்பதற்குக் கொடுங்கள். புடவை விளம்பரத்தைத் தொட வேண்டாம், உங்கள் பிழைப்பும் நடக்க வேண்டுமே.

என் மாணவியிடம் போனில் சொல்லிவிட்டேன். அடுத்த வருடம் ஆண்கள் கோலம் போட்டு, அவர்களே கழுவியும் விடுவதாக இருந்தால்தான் நடுவராக மலை ஏறுவேன் என்று. "கேட்டுப் பாக்கறேன் டீச்சர்" என்றாள். கொஞ்ச நேரம் பேச்சைக் காணோம். "ஆனா அவங்க போட்டா சிக்குக்கோலம் சிக்கிக்கிட்டே நிக்குமே?"

நடுவர் நான்தானே, பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
அஸ்தம்பட்டி, சேலம்.