டோன் ஒர்க்ஸ்: வண்டலை அள்ளுமுன் ஒரு வேண்டுகோள்

சாமர்செட் கவுன்சில் உறுப்பினர்களுக்கும் பழம்பெரும் கட்டடங்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டத்தில் வெலிங்டன் ஊரை ஒட்டி, டோன் ஆற்றங்கரையில் பாழடைந்து நிற்கும் பழைய கம்பளித் துணி ஆலையான டோன் ஒர்க்ஸ் பற்றி எழுதுகிறேன். 2000 வாக்கில் வேலை நின்றுபோன இந்தக் கட்டடங்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. சீரமைப்பு வேலையில் எதில் முதலில் கை வைக்கப்போகிறீர்கள் என்பதுதான் என் கவலை.

1772-இல் தொடங்கி இன்றும் வெலிங்டனில் துணி நெய்துவரும் ஃபாக்ஸ் பிரதர்ஸின் கம்பளித் துணிகள் முழுமை பெற்ற இடம் இது.  தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணி எண்ணெய்ப் பிசுக்கோடு தொளதொளவென்றுதான் இருக்கும். அதை அலசி, ஈரத்திலேயே அடித்து, நூலிழை தெரியாத அளவுக்குச் சுருங்க வைத்து, சாயம் தோய்த்து, உலர்த்தி எடுத்தால்தான் சிப்பாய் உடுத்தும் காக்கியாகும்.

இந்தத் தொழிலின் நுட்பத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். துணியின் மேல் ரோமத்தை எழுப்ப, டீஸில் என்ற முட்செடியின் காய்ந்த தலைகளை உருளையில் வரிசையாகப் பதித்துச் சுழல விடுவார்கள். சாமர்செட்டிலேயே பயிரான செடி அது. துணியில் முடிச்சு எதிர்ப்பட்டால் அந்த முள்ளின் கொக்கிதான் முறியும், துணி கிழியாது. இரும்புக் கம்பிக்கு அந்தப் பக்குவம் வராது.

டோன் ஒர்க்ஸின் அருமை இதில்தான் இருக்கிறது. மற்ற பல ஊர்களில் ஆலைச் சுவர்கள் மட்டும் மிஞ்சின, இயந்திரங்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. இங்கே நீர்ச்சக்கரமும் பல்சக்கரங்களும் ஈரவேலை இயந்திரங்களும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. அவற்றில் நாலைந்தைப் பளபளவென்று தேய்த்துக் காட்சிக்கு வைத்துவிட்டு மீதி இடத்தை வாடகைக்கு விட்டால், எந்த வேலைக்குப் பின் எந்த வேலை நடந்தது என்ற வரிசையே அழிந்துபோகும்.

அப்புறம் தண்ணீர். ஆற்றிலிருந்து வரும் வாய்க்கால், மதகு, தரைக்கு அடியில் ஓடும் வடிகால் இவைதான் ஆலையின் உயிர்நாடி. சேற்றில் காற்றுப் புகாத இடத்தில் மரமும் கம்பளி இழையும் விதையும் மட்காமல் கிடக்கும். எந்தக் காலத்தில் என்ன சாயம் ஓடியது என்பதை வண்டலின் அடுக்குகளே சொல்லக்கூடும். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனின் சாயத் தொட்டிகளுக்கு அவுரி நீலம் பெருமளவு இந்தியாவிலிருந்துதான் போனது. என்னைப் போன்றவர்களுக்கு இதில் அக்கறை வர அதுவும் ஒரு காரணம்.

ஆபத்தும் அந்த வண்டலில்தான் இருக்கிறது. கம்பளிச் சாயத் தொழிலில் குரோமிய உப்புகள் புழங்கியவை. ஆகவே இதை நச்சு மண் என்று முத்திரை குத்தி, லாரியில் ஏற்றி அனுப்பிவிடுவது ஒப்பந்ததாரருக்கு ரொம்ப எளிது. சரி, நச்சை அகற்றத்தான் வேண்டும். ஆனால் தொல்லியலாளர் அடுக்கடுக்காகப் பதிவு செய்து, மாதிரி எடுத்த பிறகு அகற்றுங்கள்.

இன்னொன்று, இங்கே வேலை பார்த்தவர்களில் பலர் இன்றும் இருக்கிறார்கள். அவர்களை இயந்திரங்களின் பக்கத்திலேயே நிறுத்திப் பேச வைத்துப் படம்பிடியுங்கள். எந்த நெம்புகோலை எப்போது இழுப்பது, துணி பதமாகிவிட்டதைக் கையால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதெல்லாம் வரைபடத்தில் இருக்காது.

இந்த இரண்டு வேலைகளுக்கும் வேண்டிய காலத்தையும் பணத்தையும் சீரமைப்பு ஒப்பந்தத்தின் முதல் கட்டத்திலேயே ஒதுக்குங்கள். கூரை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்காதீர்கள்.