கல் பச்சையாக, அழகாகத்தான் இருக்கிறது

இக்காலுயிட்,
செப்டம்பர் 14

அன்புள்ள சேகர்,

ஏழு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததை உன் தங்கை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வெட்கமாக இருந்தது. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். என் பங்கு கடாரங்காய் ஊறுகாயை இந்நேரம் நீயே தீர்த்திருப்பாய், தெரியும்.

இப்போது ஒரு விஷயத்தை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லைடா.

போன மாதம் கனடாவின் வடகோடியில் இருக்கும் இந்தப் பாஃபின் தீவின் தென்கரையில் சிற்பக் கல் தேடிப் போனேன். கடைகளில் எல்லாவற்றையும் சோப்புக்கல் என்றுதான் விற்பார்கள். ஆனால் இந்தப் பக்கத்துச் சிற்பிகள் செதுக்குவது பெரும்பாலும் செர்பென்டினைட், சோப்புக்கல்லைவிடக் கெட்டியான பச்சைக் கல். நம் மாக்கல்லுக்கு, அதாவது சோப்புக்கல்லுக்கு, இங்குள்ள இனுயிட் மக்களின் இனுக்டிடுட் மொழியில் உக்குசிக்சாக் என்று பெயர். உக்குசிக் என்றால் சமைக்கும் பாத்திரம், அதைச் செய்யும் பொருள் உக்குசிக்சாக். கேட்டதும் உன் பாட்டியின் கல்சட்டிதான் கண்முன் வந்தது. இவர்களும் அந்தக் கல்லில் பாத்திரம் குடைந்தார்கள், சீல் கொழுப்பு ஊற்றி எரிக்கும் விளக்கும் செய்தார்கள்.

படகை ஓட்டியது எழுபது வயதைத் தாண்டிய ஒரு சிற்பி. நான் நம் கல்லூரியில் பெரிய சார் சொல்லிக்கொடுத்த வரிசைப்படி நகத்தால் கீறினேன், கத்தியால் கீறினேன், காந்தம் வைத்தேன், அமிலம் விட்டேன். அவர் ஒரு வாளித் தண்ணீரைப் பாறையில் ஊற்றிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். கல் காயக் காய, விரிசல்கள் மட்டும் ஈரம் விடாமல் கறுப்புக் கோடாக நின்றன. பிறகு கோடாரியின் பின்பக்கத்தால் தட்டிக் கேட்டார். மாமல்லபுரத்தில் பார்த்தோமே, அதே கை, அதே தலைச்சாய்ப்பு. ஓரிடத்தில் பொத்தென்றது, தள்ளிப் போனார். ஓரிடத்தில் கணீரென்றது, என்னைப் பார்த்துச் சிரித்தார். வெடி வைத்தால் நல்ல கல்லுக்குள்ளும் மயிரிழை விரிசல் ஓடிவிடும். பல நாள் செதுக்கிய கரடி முடிக்கும் நேரத்தில் கால் முறிந்து விழும். அதனால் ஆப்பு அடித்துத்தான் பிளக்க வேண்டும் என்றார்.

அருமையான கல், சேகர். வெளிச்சம் ஊடுருவும் பச்சை. கரையிலிருந்து நூறு அடிகூட இல்லை, கடல் பெருக்கு நேரத்தில் படகைப் பக்கத்திலேயே கொண்டுவரலாம். இதே தீவில் கிங்கைட் என்ற ஊரின் சிற்பிகள் கல்லுக்காக நூறு கிலோமீட்டருக்கு மேல் கடலில் போகிறார்கள். இந்த ஊருக்கோ இது வாசற்படியில் கிடைத்த மாதிரி.

ஆனால் ஓரத்தில் வெள்ளை நரம்பு ஓடியது. நகத்தால் நெருடினேன், பஞ்சுபோலப் பிரிந்தது. கிரிசோடைல். ஆஸ்பெஸ்டாஸ்டா, மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் நார்.

அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. அரமும் உளியும் மட்டும் இருந்த காலம் போய்விட்டது. இப்போது வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஆங்கிள் கிரைண்டர் ஓடுகிறது. தூசி சட்டையோடு வீட்டுக்குள் போகிறது, குழந்தைகள் அந்தச் சட்டையைக் கட்டிக்கொள்கின்றன. கனடா அரசோடு இனுயிட் மக்கள் செய்த 1993 நுனாவுட் ஒப்பந்தப்படி, இனுயிட் ஒருவர் அரசு நிலத்திலிருந்து ஆண்டுக்கு 50 கன கெஜம் சிற்பக் கல்லை அனுமதிச் சீட்டு இல்லாமலே எடுக்கலாம். அது அவர்கள் உரிமை, இருக்க வேண்டியதும்தான். என் அறிக்கை யாரையும் தடுக்காது. ஆகவே நேரில் போய்ச் சொல்லியாக வேண்டும்.

போன வாரம் ஊர்க்கூடத்தில் சொன்னேன். தண்ணீர் விட்டு அறுங்கள், சரியான முகமூடி போடுங்கள், வேலைத் துணியை வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள், நரம்பு ஓடும் பக்கத்தைத் தொடவே வேண்டாம் என்றேன். வெகுநேரம் யாரும் பேசவில்லை. ஒரு பெண் மட்டும், "என் மகன் போன வருஷமே அங்கிருந்து கல் கொண்டுவந்து செதுக்கிவிட்டான்" என்றாள். அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். இருபது வயதுகூட இருக்காது.

படகு ஓட்டிய பெரியவர் வெளியே வந்து என் தோளைத் தட்டினார். மேற்கே இன்னொரு விரிகுடாவில் அவர் தாத்தா விளக்குக்குக் கல் எடுத்த இடம் இருக்கிறதாம். கடல் உறைந்த பிறகு ஸ்னோமொபைலில் அழைத்துப் போகிறேன் என்றார்.

அந்தக் கல்லை ஒளி ஊடுருவும்படி மெல்லிதாகச் சீவி மைக்ரோஸ்கோப்பில் எடுத்த மெல்சீவல் படங்கள் பன்னிரண்டை இதோடு அனுப்புகிறேன். கல்லூரியில் நான் வெயிலில் கல் சுமந்தபோது மைக்ரோஸ்கோப்பை விட்டு எழாமல் மார்க் வாங்கியவன் நீ. ஆறாவதையும் ஒன்பதாவதையும் நன்றாகப் பார். நார் அந்த ஓரத்தோடு நிற்கிறதா, கல் முழுக்க ஊடுருவியிருக்கிறதா? அந்தப் பையனின் கல் நடுப்பகுதியிலிருந்து எடுத்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடு, திங்கட்கிழமை அவன் வீட்டுக்குப் போகிறேன்.

உன்,
பாலு