பில் இல்லாமல் கவர் இல்லை

சயான், மும்பை
அக்டோபர் 12

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் நலம். மூன்று வாரமாக நீ என்னிடம் பேசிய வார்த்தைகளையெல்லாம் சேர்த்து எழுதினால் ஒரு போஸ்ட்கார்டு நிரம்பாது. போனில் பேச்செடுத்தால் "மீட்டிங் இருக்கிறது அப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடிதம் என்றால் உறையைக் கிழித்துப் பார்க்காமல் உன்னால் இருக்க முடியாது, என் பிள்ளையை எனக்குத் தெரியும்.

முதலில் நான் செய்ததைச் செய்தபடி எழுதிவிடுகிறேன். நீயும் உன் தோழியும் இமாச்சலில் ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குப் போயிருந்தபோது, அங்கே காசா என்ற ஊரிலிருந்து எனக்கு 26 படங்கள் அனுப்பினாய். வாட்ஸாப்பில் சும்மா அனுப்பினால் படத்தை நசுக்கிவிடுகிறது, பிரிண்ட் போட்டால் பாறையெல்லாம் களிமண் உருண்டை மாதிரி வரும், 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பு என்று நச்சரித்தவன் நான்தான். நீயும் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்த ஊரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அனுப்பினாய். எனக்கும் அம்மாவுக்கும் என்றுதான் அனுப்பினாய். அன்று இரவே அதில் பதினொன்றைப் பொறுக்கி எடுத்து நான் நம் ஊர்க்காரர் குழுவில் போட்டேன். குழுவில் 214 பேர். கீழே ஒரு வரி வேறு: "என் மகளும் அவள் தோழியும், இமயமலையில் பத்து நாள்."

விடிந்து பார்த்தால் ஒரே கும்பிடும் பூங்கொத்துமாக இருந்தது. வள்ளியூர் அத்தை, பிள்ளையைக் காதை மூடிக்கொள்ளச் சொல் என்று குரல் பதிவு அனுப்பியிருந்தாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்று பேருக்கு அது எந்த மலை, எத்தனை அடி என்று விளக்கமாகப் பதில் எழுதினேன்.

மத்தியானத்துக்குள் படம் முலுண்டில் உன் தோழியின் தாய்மாமா கைக்குப் போய்விட்டது. அவள் சண்டிகரில் அலுவலகப் பயிற்சியில் இருப்பதாக அவர்கள் வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் அம்மா போன் செய்திருக்கிறார், கிடைக்கவில்லை. நீங்கள் அதற்குள் சந்திரதால் போய்விட்டீர்கள். 14,000 அடிக்கு மேலே இருக்கிற அந்த ஏரிக்கரையில் எந்த நெட்வொர்க்கும் எட்டாது. சண்டிகர் என்று சொல்லிப் போன பெண் பனிமலையில் இருக்கிறாள், போனும் எடுக்கவில்லை என்றால் பெற்றவள் என்ன நினைப்பாள்? இரண்டு ராத்திரி அந்த அம்மாள் தூங்கியிருக்க மாட்டார். மணாலிக்கு இறங்கி வந்தபோது உன் தோழியின் போனில் 43 தவறிய அழைப்புகள் இருந்தன என்றாய்.

அன்று சாயங்காலம் நீ என்னிடம் கத்தியது எனக்கு வலிக்கவில்லை. கத்தி முடித்துவிட்டுக் குரல் இறங்கி ஒன்று சொன்னாயே, அதுதான். "ஹிக்கிம் மலைக்கிராமத்து அஞ்சலகத்தில் அவள் தன் அம்மாவுக்குக் கார்டு எழுதிப் போட்டாள் அப்பா. உண்மையெல்லாம் அதில் எழுதியிருந்தாள். அடுத்த வருஷம் அம்மாவையும் கூட்டிவருவதாக எழுதியிருந்தாள். அது போய்ச் சேருவதற்குள் நீங்கள் சொல்லிவிட்டீர்கள்."

உடனே குழுவைத் திறந்து அந்தப் படங்களை அழிக்கப் பார்த்தேன். இரண்டரை நாள் தாண்டிவிட்டால் 'அனைவருக்கும் நீக்கு' என்பது வருவதில்லை, 'எனக்கு மட்டும் நீக்கு' என்றுதான் வருகிறது. எனக்கு மட்டும் நீக்கி என்ன செய்ய? மற்ற 213 பேர் கையில் இருக்கிறதே.

என் வெட்கத்துக்குக் காரணம் இன்னொன்று. இதெல்லாம் தெரியாத ஆள் செய்தால் சரி, கிழவனுக்குப் புதுப் போன் என்று விட்டுவிடலாம். அடுத்தவர் படத்தைப் பாதுகாத்துக் கொடுப்பதுதான் 23 வருஷம் எனக்குச் சோறு போட்டது.

கிங்ஸ் சர்க்கிள் போட்டோ கடையை நீ பார்த்திருக்கிறாய், உள்ளே இருந்த இருட்டறை உனக்குத் தெரியாது. 1987இல் நான் சேர்ந்தபோது கலர் பிலிம் ரோல் கழுவுவதுதான் வேலை. டெவலப்பர் என்ற ரசாயனத்தில் 37.8 டிகிரிச் சூட்டில் 3 நிமிடம் 15 நொடி. சூடு அரை டிகிரி பிசகினாலும் கடை முதலாளி சேட் முகம் மாறிவிடும். கழுவி எடுத்த நெகட்டிவில் முடி வெளுத்தும் பல் கறுத்தும் தெரியும். அதிலேயே ஆளை அடையாளம் கண்டுபிடிக்க எனக்குப் பழகிவிட்டது. மாத்தேரான் போய்வந்தவர்கள், மகாபலேஷ்வர் தேனிலவு, திருப்பதி மொட்டை, வருஷத்துக்கு ஒரு தடவை தாதரில் ரயிலேறி ஊருக்குப் போய்வந்தவர்கள் என்று மாட்டுங்காவில் யார் யாரோடு எங்கே போனார்கள் என்பது அவர்கள் வீட்டுக்குத் தெரியும் முன்பு எனக்குத் தெரியும். சேட் சேர்த்துக்கொண்ட அன்றே சொல்லிவிட்டார்: கண் பார்க்கலாம், வாய் பார்க்கக் கூடாது. கவுண்டரில் இன்னொரு சட்டம்: பில் இல்லாமல் கவர் இல்லை.

ஒருமுறை ஓர் இளைஞன் வந்தான். என் தங்கை ரோல் கொடுத்திருக்கிறாள், பில்லைத் தொலைத்துவிட்டாள், இரண்டு மடங்கு பணம் தருகிறேன், கவரைக் கொடுங்கள் என்றான். அந்த ரோலை அன்று காலையில்தான் கழுவியிருந்தேன். எலிபெண்டா தீவு. படகுத்துறையில் இரண்டு பெண்களும் மூன்று பையன்களும் நின்றிருந்தார்கள். ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். சேட் உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே போய், "ரோலில் வெளிச்சம் பட்டுவிட்டது தம்பி, ஒரு படமும் தேறவில்லை" என்றார். மறுநாள் அந்தப் பெண் பில்லோடு வந்தபோது 36 பிரிண்டும் நெகட்டிவும் கவரில் தயாராக இருந்தன. முன்பின் தெரியாத பெண்ணுக்காக அந்த மனிதர் தன் கடையின் பெயரைக் கெடுத்துக்கொண்டு ஒரு பொய் சொன்னார். என் மகளின் தோழி, நம் வீட்டில் உட்கார்ந்து தோசை தின்ற பெண். அவளுக்கு நான் செய்தது என்ன பார்.

இதைவிட அதிகமாக உறுத்துவது 2005 ஜூலை 26. உனக்கு ஏழு வயது. அம்மா உன்னைப் பள்ளியிலிருந்து தோளில் தூக்கிக்கொண்டு வந்தாளே, அந்த நாள். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை என்று பிறகு பேப்பரில் போட்டார்கள். கிங்ஸ் சர்க்கிளில் சாதாரண மழைக்கே தண்ணீர் கட்டும், அன்று கேட்கவே வேண்டாம். கடைக்குள் இடுப்பளவு வந்துவிட்டது. கீழ்த்தட்டில் வருஷவாரியாக அடுக்கியிருந்த நெகட்டிவ் கவர்கள் எல்லாம் ஊறிக் கிடந்தன. ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிக்க முடியாது. நல்ல தண்ணீரில் அலசி, கடை முழுக்கக் கயிறு கட்டி, துணி கிளிப்பில் மாட்டிக் காயவைத்தோம். ஜனங்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வீட்டில் ஆல்பம் நனைந்துபோனவர்கள் எங்கள் நெகட்டிவ் இருக்கிறதா என்று கேட்டு வந்தார்கள்.

சேட் கொஞ்ச நேரம் அந்தக் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு ஸ்டூடியோவுக்குள் போய்ப் பின்திரையை அவிழ்த்துக்கொண்டு வந்தார். உனக்கு நினைவிருக்குமே, தால் ஏரியும் படகும் பனிமலையும் எழுதின திரை. காஷ்மீர் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள் எல்லாம் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அதை வாசலுக்குக் குறுக்கே கட்டினார். நெகட்டிவில் யாருக்கு என்ன தெரியும் சேட் என்று கேட்டேன். "உனக்குத் தெரிகிறதல்லவா? உன்னைப் போல இன்னொருவன் அந்தக் கூட்டத்தில் இருந்தால்?" என்றார். சொத்தெல்லாம் தண்ணீரில் போன அன்றும் அந்த மனிதருக்கு அந்த யோசனை இருந்தது.

படம் யாருடையது என்ற வழக்கும் ஒருமுறை கடைக்கு வந்தது. ஒரு கல்யாணப் படத்தை ஷோகேஸில் வைத்துவிட்டோம், பெண் வீட்டார் சண்டைக்கு வந்தார்கள். வாடிக்கையாளராக இருந்த வக்கீல் ஒருவர் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தைச் சொல்லி விளக்கினார்: காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படமாக இருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே அதன் முதல் உரிமையாளர், எடுத்தவர் இல்லை. படத்தை அன்றே இறக்கிவிட்டோம். அந்தக் கணக்கில் பார்த்தாலும் ஸ்பிட்டி படங்கள் நீ எடுத்தவை, உன்னுடையவை. அதில் முகம் காட்டி நிற்கிறவளைப் பற்றி அந்தச் சட்டம் பேசவில்லை, சேட் பேசியிருப்பார். எனக்கோ எந்தக் கணக்கிலும் பங்கு கிடையாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், நீயாகக் கண்டுபிடித்தால் இன்னும் மோசம். போன வாரம் மாடி வீட்டுப் பையனிடம் போனைக் கொடுத்து, இந்தப் படங்களில் வேறு ஏதாவது வில்லங்கம் இருக்கிறதா பார் என்றேன். ஒரு படத்தை மேலே தள்ளினான். கீழே ஒரு வரைபடம் வந்தது, அதில் ஒரு சிவப்புப் புள்ளி. நீ கிளம்பும்போது பையோடு உன் பெங்களூரு வீட்டு வாசலில் நின்று எடுத்த படம் அது. புள்ளி உன் வீட்டுக் கூரைமேலேயே உட்கார்ந்திருந்தது. அந்தக் காலத்துக் காமிரா படத்தின் மூலையில் தேதியை மட்டும் ஆரஞ்சு நிறத்தில் அடிக்கும், அதுவும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. இப்போது போன் அட்சரேகை, தீர்க்கரேகை வரை எழுதிப் படத்துக்குள்ளே செருகிவைக்கிறது. வாட்ஸாப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தக் குறிப்பு கழன்றுவிடுமாம். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் அப்படியே போகும். நானோ தரம் குறையக் கூடாதென்று குழுவிலும் டாக்குமெண்டாகவே போட்டேன். ஆக, வீடு இன்ன இடத்தில் இருக்கிறது, பத்து நாள் பூட்டிக் கிடக்கும் என்று 213 பேருக்கு நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். உன் வீட்டு உரிமையாளரிடம் சொல்லிப் பூட்டை மாற்றிவிடு, செலவை நான் தருகிறேன்.

நீ சிங்கப்பூர் போனபோது அனுப்பிய போர்டிங் பாஸ் படத்தையும் இப்படித்தான் பேஸ்புக்கில் போட்டேன். ஐந்தே நிமிடத்தில் போன் செய்து எடுக்கவைத்தாய். அதில் என்ன இருக்கிறது, ஸீட் நம்பரைத் திருடுவார்களா என்று சிரித்தேன். ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபாட் 2020இல் தன் போர்டிங் பாஸ் படத்தைப் போட, அதிலிருந்த முன்பதிவு எண்ணைக் கொண்டே ஒருவர் அவருடைய பாஸ்போர்ட் எண்ணையும் போன் எண்ணையும் எடுத்துக் காட்டிவிட்டாராம். பையன்தான் சொன்னான். பிரதமருக்கே தெரியவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன், கோபப்படாதே. அவள் வீட்டில் பொய் சொல்லிவிட்டுப் போனது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த மலைப்பாதையில் வண்டிக்கு ஏதாவது ஆகியிருந்தால் தேடுகிறவர்கள் சண்டிகரில் அல்லவா தேடியிருப்பார்கள்? ஆனால் அது அவளும் அவள் அம்மாவும் பேசித் தீர்க்க வேண்டியது. அதைத்தான் ஒரு கார்டில் எழுதித் தீர்க்கப் பார்த்தாள். நான் நடுவில் புகுந்து கெடுத்துவிட்டேன்.

நேற்று உன் கார்டு வந்தது. ஹிக்கிம் முத்திரை பாதிதான் விழுந்திருக்கிறது, மை போதவில்லை போலும். 1983இல் திறந்த அஞ்சலகமாம், 14,500 அடிக்கு மேலே. அங்கிருந்து சயானுக்கு வந்து சேர இத்தனை நாள். "அப்பா, இங்கே மூச்சு வாங்குகிறது, ஆனால் வானம் உங்கள் பின்திரையில் இருக்கிற அதே நீலம்" என்று எழுதியிருக்கிறாய். தபால்காரர் படித்துவிட்டுத்தான் கொடுத்தார், "மகள் ஊர் சுற்றுகிறாளா" என்று கேட்டார். அம்மா அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறாள். நான் அதைப் படம் எடுக்கவில்லை. கை போனது, எடுக்கவில்லை.

கார்டை வைத்துக்கொண்டு அந்த ஹிக்கிம் படத்தை மறுபடி பார்த்தேன். அஞ்சலக வாசலில் இருவரும் ஆளுக்கொரு கார்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். உன் கையில் இருப்பது இதுதான். அவள் கையில் இருப்பதைப் பெரிதாக்கினால் எழுத்துத் தெரியும், டாக்குமெண்டாக வந்த படமாயிற்றே. பெரிதாக்கவில்லை.

26 படங்களில் ஒன்பதில் அவள் இருக்கிறாள். மீதிப் பதினேழைத்தான் பிரிண்டுக்குக் கொடுத்திருக்கிறேன். ஒன்பதையும் எடுத்துவைத்திருக்கிறேன். அவளைக் கேட்டுச் சொல். வேண்டாம் என்றால் என் போனிலிருந்தும் அழித்துவிடுகிறேன். சரி என்றால் இரண்டு செட் போட்டு ஒன்றை அவள் பெயரிலேயே கவரில் வைக்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளட்டும். அவளிடமும் அவள் அம்மாவிடமும் நேரில் போய் மன்னிப்புக் கேட்க நினைக்கிறேன். நான் வருவது அவளுக்குச் சம்மதமா என்று அதையும் கேள். முலுண்ட் என்ன தூரம், அரை மணி நேர லோக்கல்.

எனக்கு நேற்று வந்துவிட்டது என்றால் அதே பெட்டியில் போட்ட கார்டு அவள் அம்மாவுக்கும் வந்திருக்க வேண்டும். வந்ததா?

உன் அப்பா