கோழிக்கூட்டைப் பற்றி அத்தைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அத்தைக்கு,

இங்கு அனைவரும் நலம். உங்கள் நலமறிய ஆவல். பகலெல்லாம் கோழிகளைத் திறந்து மேயவிட்டுவிட்டு இரவில் மட்டும் எதற்காக அவற்றை ஒரு கோட்டைக்குள் வைத்துப் பூட்டுகிறோம் என்று சென்ற கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். நான் அனுப்பிய படத்தில் இருந்த கம்பியும் கொக்கியும் உங்களுக்கு மிகையாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் அமெரிக்காவில் கொல்லையில் கோழி வளர்ப்பவர்கள் அஞ்ச வேண்டிய விலங்குகளில் பெரும்பாலானவை இருட்டிய பிறகு வருபவை. அவற்றுள் ஒன்று கதவையும் திறக்கத் தெரிந்தது.

அதுதான் ரக்கூன். கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டையும் வாலில் வளையங்களும் கொண்ட, பூனையைவிடப் பெரிய விலங்கு. அதன் முன்னங்காலில் ஐந்து நீண்ட விரல்கள் உண்டு. அவற்றால் தடவிப் பார்த்து, பிடித்து, இழுத்து, சாதாரணத் தாழ்ப்பாளையும் கொண்டியையும் அது எளிதாக விலக்கிவிடும். ஆகவே எங்கள் கூட்டுக் கதவில் தாழ்ப்பாளைப் போட்ட பின்பு, அதன் துளையில் சுருள்வில் வைத்த வளையக் கொக்கி ஒன்றையும் மாட்டுகிறோம். அதைக் கழற்ற ஒரு விரலால் கொக்கியின் நாக்கை உள்ளே அழுத்திக்கொண்டே மறுகையால் வளையத்தை நகர்த்த வேண்டும். பனிக்காலத்தில் கையுறையோடு அதைத் திறப்பதற்குள் எனக்கே பொறுமை போய்விடுகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோழி வலை என்று எங்கும் விற்கப்படும் அறுகோணக் கண் வலை, கோழியை வெளியே போகவிடாமல் தடுக்குமே தவிர, வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. ரக்கூன் அதைப் பிய்த்துவிடும். பிய்க்க முடியாவிட்டால் கையை உள்ளே விட்டு, கம்பியோரம் உறங்கும் கோழியின் கழுத்தைப் பிடித்து இழுக்கும். அதனால் அரை அங்குலச் சதுரக் கண் கொண்ட, பற்றவைத்த கம்பி வலையைத்தான் சன்னல்களுக்கும் காற்றுத் துளைகளுக்கும் அடித்திருக்கிறோம். கீரியைவிடச் சிறிய வீசல் என்ற விலங்குக்கு ஓர் அங்குல இடுக்கே போதுமானது என்பதால் அரை அங்குலத்துக்கு மேல் எங்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பசிக்கு ஒன்றைக் கொன்று போவது அதன் வழக்கமன்று. உள்ளே நுழைந்தால் கண்ணில் பட்டதையெல்லாம் கடித்துப் போடும்.

நரி தோண்டும் என்பது உங்களுக்கும் தெரிந்ததே. அது எப்போதும் சுவரின் அடியிலிருந்துதான் தோண்டத் தொடங்கும். இரண்டடி பின்னால் தள்ளி நின்று தோண்டலாம் என்று அதற்குத் தோன்றுவதில்லை. ஆகவே வலையை ஆழமாகப் புதைப்பதற்குப் பதிலாக, சுவரடியிலிருந்து வெளிப்பக்கமாக இரண்டடி அகலத்துக்குத் தரையிலேயே விரித்து முளையடித்திருக்கிறோம். புல் வளர்ந்து மூடிய பின் அங்கே வலை இருப்பதே தெரியவில்லை.

பொழுது சாயும்போது கோழிகள் தாமாகவே வந்து அடைந்துவிடும். இங்குள்ள சிக்கல் பொழுது சாயும் நேரந்தான். ஜூன் மாதத்தில் இரவு எட்டரைக்கு மேலும் வெளிச்சம் இருக்கும், டிசம்பரிலோ மாலை நாலரைக்கே இருட்டிவிடும். வேலையிலிருந்து நாங்கள் திரும்புவதற்கு முன்பே இருட்டிவிடுவதால், வெளிச்சம் குறைவதை உணர்ந்து தானாக இறங்கும் சிறு கதவு ஒன்றைப் பொருத்தினோம். ஆனாலும் அது பிந்தி வரும் கோழிக்காகக் காத்திருக்காது. ஆகவே வீடு திரும்பியதும் கைவிளக்கோடு போய்க் கொம்பில் அமர்ந்திருப்பவற்றை எண்ணிப் பார்ப்பது எங்கள் இருவரில் ஒருவரின் வேலை. முட்டைகளையும் அப்போதே எடுத்துவிடுவோம். தீவனம் இரும்புத் தொட்டியில்தான் இருக்கும். சிந்திய தீவனத்துக்கு எலி வரும், எலியைத் தேடி வீசலும் பாம்பும் வரும்.

பகலில் பெரிய கவலை பருந்து. அதை விரட்டலாமே தவிர, அடிக்கவோ பிடிக்கவோ கூடாது. வலசைப் பறவைகளைக் காக்க 1918ஆம் ஆண்டு இங்கு இயற்றிய சட்டத்தின்கீழ், 1972 முதல் பருந்தும் ஆந்தையும் பாதுகாக்கப்படுகின்றன. இது எனக்கு நியாயமாகவே படுகிறது. அதன் வானத்தின் கீழ் கோழியை விட்டவர்கள் நாம்தானே. எனவே மேய்ச்சல் இடத்தில் ஓடி ஒளியத் தாழ்வான புதர்களை நட்டிருக்கிறோம். காகங்கள் கூட்டமாகச் சேர்ந்து பருந்தைத் துரத்துவதால் அவற்றை யாரும் விரட்டுவதில்லை. எல்லாவற்றையும்விடச் சேவல்தான் உதவி. மேலே நிழல் தெரிந்தால் மெல்லிதாக நீண்ட ஒரு குரல் கொடுக்கும். பெட்டைகள் அந்தக் கணமே புதருக்குள் பதுங்கும். தரையில் நாயோ நரியோ வந்தால் விட்டுவிட்டுக் கொக்கரிக்கும். அப்போது அவை கழுத்தை நீட்டி நிமிர்ந்து பார்க்கும். சமையலறையில் இருந்தபடியே வந்தது எது என்று இப்போது என்னால் சொல்ல முடிகிறது.

நரிக்கும் அவிழ்த்துவிட்ட நாய்க்கும் மின்வலை வேலி போட்டிருக்கிறோம். நொடிக்கு ஒருமுறை துடிப்பாக வரும் மின்சாரம் உயிரை எடுக்காது, ஆனால் ஈர மூக்கில் ஒருமுறை பட்ட விலங்கு எளிதில் திரும்பாது. புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் விசை குறைந்துவிடும் என்பதால் அடிப்புல்லை அடிக்கடி வெட்ட வேண்டியிருக்கிறது. பனி குவிந்துவிட்டாலோ வேலியின் உயரம் பாதியாகிவிடும், மின்சாரமும் சரியாகத் தாக்காது. அந்த மாதங்களில் கோழிகளைக் கூரையிட்ட முற்றத்தைத் தாண்டி வெளியே விடுவதே இல்லை.

இத்தனைக்குப் பிறகும் பகலில் எப்போதாவது ஒன்றை இழக்கத்தான் செய்கிறோம். அதற்காக நாளெல்லாம் அடைத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. உங்கள் மருமகளுக்கோ திறந்துவிட மனமில்லை. இப்போதைக்கு, வெயில் நன்றாக ஏறிய பின் திறந்து, சாயுமுன் தீவனத் தட்டைத் தட்டி அழைத்துக்கொள்வது என்று இருவரும் ஒத்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது வசந்தம். நரிகள் குட்டி போட்டிருக்கும் காலம் என்பதால் பட்டப்பகலிலும் இரை தேடி வரும். இந்த நேரம் பார்த்துச் செம்பெட்டை அடையில் உட்கார்ந்திருக்கிறது. அடுத்த வாரம் குஞ்சு பொரிக்கும். மின்வலையின் கண்ணுக்குள் குஞ்சுகள் நுழைந்து வெளியே போய்விடும் என்பதால், தாயையும் குஞ்சுகளையும் தனியாக ஒரு வலைக்கூண்டில் வைக்க எண்ணியிருக்கிறேன். எத்தனை வாரம் கழித்து அவற்றை மற்றக் கோழிகளோடு சேர்த்து வெளியே விடலாம், அதற்குள் தாய் அவற்றைக் கொத்தி விலக்கிவிடுமா என்பதை விவரமாக எழுதுங்கள். மாமாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உங்கள் மருமகன்