கேமராவுக்கு அடிவயிறு கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலைச் சைக்கிள் படங்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கேமராவைச் சாய்த்துப் பிடித்தே பாதிச் செங்குத்தைக் கொண்டுவந்துவிடுகிறார்கள் என்று அதில் ஒரு வரி. கோத்தகிரியில் இருபத்தாறு வருடம் கல்யாண வீடியோ எடுத்தவன் நான். அந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை. கேமரா பொய் சொல்லும்தான். ஆனால் பெரும்பாலும் செங்குத்தைத் தட்டையாக்கித்தான் சொல்லும்.

நான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். போன மே மாதம் என் பேரன் வீட்டுக்குப் பின்னால் உள்ள தேயிலைச் சரிவில், ஒற்றையடிப் பாதையில் சைக்கிளை இறக்கினான். கொழுந்து பறிக்கும் பெண்களே பக்கவாட்டில் கால் வைத்து இறங்கும் இடம் அது. மேலே நின்று படம் எடுத்த எனக்கு வயிற்றைக் கலக்கியது. வீட்டில் டிவியில் போட்டுப் பார்த்தால், பையன் கடைக்குப் பால் வாங்கப் போகிறவனைப் போலப் போகிறான். மருமகள் சிரித்தேவிட்டாள்.

மேலிருந்து சரிவின் போக்கிலேயே கீழே பார்த்தால் சரிவை அளக்கப் படத்தில் எதுவும் இருப்பதில்லை. வைடு லென்ஸ் வேறு, தூரத்தில் உள்ளதைச் சின்னதாக்கி எங்கோ தள்ளிவிடுகிறது. நேரில் நிற்கும்போது நமக்குச் சரிவைச் சொல்வதில் கண்ணைவிடக் கணுக்காலுக்கும் அடிவயிற்றுக்கும்தான் பங்கு அதிகம்.

மறுநாள் எதிர்ச் சரிவுக்குப் போனேன். ஸ்டாண்டில் ரசமட்டம் பார்த்து, ஜூம் லென்ஸில் பக்கவாட்டிலிருந்து எடுத்தேன். தேயிலைக்கு நடுவே சில்வர் ஓக் மரங்கள் தூக்குக்குண்டு விட்டது போல நிற்க, அவற்றை வெட்டிக்கொண்டு பாதை இறங்கியது. இந்த முறை மருமகள் சிரிக்கவில்லை. பேரனுக்குத் திட்டு விழுந்தது, எனக்கும் சேர்த்து.

2013இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நடந்த ரெட் புல் ரேம்பேஜ் போட்டியில் நியூசிலாந்துக்காரர் கெல்லி மெக்கேரி 72 அடி அகலப் பள்ளத்தைப் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்தபடி சைக்கிளில் தாண்டினார். அவருடைய ஹெல்மெட் கேமராவில் வானம் ஒரு சுற்றுச் சுற்றுகிறது, உடனே மண் வந்துவிடுகிறது. இவ்வளவுதானா பள்ளம் என்று தோன்றும். அதே தாண்டலைத் தள்ளி நின்று எடுத்த காட்சியில் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சு நின்றது.

ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் டேனி மெக்காஸ்கில் சைக்கிளோடு கூலின் மலை முகட்டில் ஏறும் படம் 2014இல் வந்தது. முகட்டில் மரமே இல்லை, வெறும் பாறை. அங்கே ட்ரோன் விலகிப் போய், ஆளையும் முகட்டையும் தொலைவில் கடலையும் ஒன்றாகக் காட்டுகிறது. அந்தக் கடல்தான் அங்கே ரசமட்டம்.

சாய்த்துப் பிடிப்பவர்கள் இல்லாமல் இல்லை. அவர்களைப் பிடிப்பது சுலபம். ஒன்றிரண்டு சாய்ந்த மரம் எந்த மலையிலும் உண்டு. காடே ஒரே பக்கமாகச் சாய்ந்தால் அது கேமராக்காரரின் கைவேலை. உங்கள் கட்டுரையோடு வந்த படத்தையே மறுபடி எடுத்துப் பாருங்கள். பின்னால் ஊசியிலை மரங்கள் அத்தனையும் நேராக நிற்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வீடியோகிராபர் ஒருவர்,
கோத்தகிரி.